ரெண்டு ரெண்டு வளையல் போடும் கைக்கு ஒரு துப்பாக்கி

திருப்பூரில் நடந்தவை, வரிசைப்படி:

1. திங்கள்: நான் வந்தேன். பெட்டி வரவில்லை.
2. செவ்வாய்: போலோ சட்டைகளில் காலர் ஒரு நீலம், உடல் ஒரு நீலம். ஒரு பெண் நூல் கோனை நீட்டிப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார்.
3. புதன்: ஒரு துப்பாக்கியைக் காட்டிக் கருத்துக் கேட்டார்கள். வேண்டாம் என்றேன்.
4. வியாழன்: பெட்டி வந்தது. நான் சொன்ன கருத்து அவசரக் கருத்து என்று தெரிந்தது.
5. வெள்ளி: காங்கேயம். மின்சாரம் இல்லை.
6. சனி: கோயம்புத்தூர். இருபது குண்டுகள்.

சிங்கப்பூரில் என் நிறுவனத்துக்கு நான் கொடுத்த அறிக்கையில் இரண்டாம் எண்ணின் முதல் பாதி மட்டும்தான் இருக்கிறது. மற்றதை இங்கே எழுதிவைக்கிறேன்.

நான் ஆடைத் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர். தைத்து முடித்த சட்டைகளை அளந்து, தேறும் அல்லது தேறாது என்று சொல்வது வேலை. பள்ளியிலும் பாலிடெக்னிக்கிலும் ஆறு வருடம் காற்றுத் துப்பாக்கி சுடும் அணியில் இருந்தேன். பெரிதாக ஒன்றும் வெல்லவில்லை. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு எந்தத் துப்பாக்கி பொருந்தும் என்று பார்த்துக் கொடுக்கும் பொறுப்பு மட்டும் எப்போதும் என் தலையில் விழும்.

திங்கட்கிழமை கோவை விமான நிலையத்தில் பெட்டிகள் சுற்றும் பட்டையை அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். என் பெட்டி சென்னையிலேயே தங்கிவிட்டதாம். கூட்டிப்போக வந்திருந்தவர் செந்தில். நான் சோதிக்க வந்த பின்னலாடை ஆலையை அப்பாவோடு சேர்ந்து நடத்துகிறவர், முப்பது வயது இருக்கும். “திருப்பூருக்கு வந்துட்டு துணிக்குக் கவலைப்படறீங்களே மேடம்,” என்றார். அவர் சொன்னதில் பாதிதான் சரி. அன்று மாலை எனக்குக் கிடைத்தவை, ஏற்றுமதியில் மிஞ்சிய பனியன்கள் ஏழு. எல்லாவற்றிலும் கரடி படம்.

நான் தங்கிய செந்தில் வீட்டில், பனியனோடு சாப்பாட்டுக்கு உட்கார்ந்த என்னைப் பார்த்துவிட்டு அவர் மனைவி கோமதி உள்ளே போய் ஒரு சுடிதாரும் அதற்குப் பொருத்தமான கண்ணாடி வளையல்களும் கொண்டுவந்து வைத்தார். சுடிதாரின் கை எனக்கு நான்கு விரல் குட்டை. வளையல் விரல் முட்டியைத் தாண்டவே இல்லை. நான் எங்கள் ஊர்ச் சிராங்கூன் சாலைக் கடைகளில் ரெண்டு ஆறு அளவு வாங்குகிறவள். இது ரெண்டு ரெண்டு. பெரியவர்களுக்கு அதைவிடச் சின்ன அளவைக் கடைக்காரர் தேடித்தான் எடுக்கவேண்டும்.

“இவ கைக்கு வளையல் வாங்கோணும்னா கொழந்தைக கடைக்குத்தான் போகோணும் கண்ணு,” என்றார் செந்திலின் அம்மா, என் தட்டில் சந்தகையைப் பிழிந்து குவித்தபடி. சந்தகை இடியாப்ப வகை, எங்கள் ஊர்ப் புட்டுமாயத்தின் உறவு. நாங்கள் ஆரஞ்சு நிறச் சீனியில் தொட்டுத் தின்போம். இவர்கள் தேங்காய்ப் பாலில் மூழ்கடிக்கிறார்கள். எங்கள் முறை தோற்றது என்று நான் ஒப்புக்கொண்டாகவேண்டும்.

செவ்வாய் காலை வேலை தொடங்கியது. திருப்பூரில் தினமும் சில மணி நேரம் மின்சாரம் போகிறது. போன மறுநிமிடம் தெரு முழுக்க ஜெனரேட்டர்கள் உறுமத் தொடங்குகின்றன. யாரும் பேச்சை நிறுத்துவதில்லை, குரலைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்கிறார்கள். காலர் நிறம் ஒத்துப்போகாத விஷயத்தையும் அப்படி ஏற்றிய குரலிலேயே பேசி முடித்தோம்.

மாடியில் துணி சோதிக்கும் பகுதிக்குப் போனபோது கோமதி அங்கே ஓரமாக நின்றிருந்தார். வலது கையை நேராக நீட்டி, அதில் நூல் சுற்றிய கனமான கோன் ஒன்றைப் பிடித்திருந்தார். பார்வை சுவரில் சாக்பீஸால் போட்ட ஒரு புள்ளியில். பாதம், தோள், நாடி எல்லாம் எனக்குத் தெரிந்த நிலை. இடது கை இடுப்புப் பட்டையில் செருகியிருந்தது.

“நாங்க புள்ளைய இடுப்புல தூக்குதோம். முதலாளி வீட்டம்மா கோனத் தூக்குதாவ,” என்றார் சோதனை மேசையிலிருந்த செல்வராணி. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், நூல் பிசிறு வெட்டுவதில் இந்த ஆலையில் வேகமானவர். “எம்மா, சொவரு விழுந்திரப்போவுது, பாத்து.”

இஸ்திரி போடும் ஒடிசாக்காரர் இந்தியில் ஏதோ சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். கேட்டபோது மொழிபெயர்த்தார்கள்: “இந்த இஸ்திரிப் பெட்டியை நான் பத்து வருடமாகத் தூக்குகிறேன், எனக்கு எப்போது மெடல்?”

கோமதியும் சிரித்தார். கோன் அசையவில்லை. நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பது வினாடி.

புதன்கிழமை மதியச் சாப்பாட்டில் செந்தில் கேட்டார். “ஏனுங்க மேடம், சிங்கப்பூர்ல துப்பாக்கியெல்லாம் கடையில சுலபமாக் கெடைக்குமுங்களா?”

“எங்கள் ஊரில் உரிமம் இல்லாமல் ஒன்றை வைத்திருந்தால் நேராகச் சிறைதான். நாங்கள் சுட்டதெல்லாம் பள்ளியில், ஆசிரியர் முன்னால், பூட்டிய அறையிலிருந்து கையெழுத்துப் போட்டு எடுத்து.”

அவர் எழுந்து போய் பீரோவைத் திறந்து, பட்டுப் புடவைகளுக்கு நடுவிலிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்துவந்தார். பைக்குள் குளியல் துண்டு. துண்டுக்குள் ஒரு பந்தயக் காற்றுக் கைத்துப்பாக்கி. இந்த வகைக்கு இங்கே உரிமம் வேண்டாம் என்று கிளப்பில் சொல்லியிருந்தார்களாம். என் பழைய ஆசிரியர் பார்த்திருந்தால் சாப்பாட்டு மேசையிலேயே மயங்கியிருப்பார். நான் முதலில் அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி, திறந்து, உள்ளே குண்டு இல்லை என்று பார்த்தேன். பிறகுதான் மூச்சு விட்டேன்.

விஷயம் இதுதான். கோமதி கல்லூரியில் என்.சி.சி.யில் ரைபிள் சுட்டவர். கல்யாணத்துக்குப் பின் விட்டுப்போயிற்று. போன வருடம் செந்திலே கோவையில் ஒரு கிளப்பில் சேர்த்துவிட்டார். அங்கே கைத்துப்பாக்கியை ஒருமுறை எடுத்தவர் ரைபிளைத் திரும்பிப் பார்க்கவில்லை. கிளப்பின் பொதுத் துப்பாக்கிகள் எல்லாம் பெரிய ஆண் கைகளுக்கானவை. அங்கே சுடும் ஒரு டாக்டர், தன் மகளோடு இருக்க வெளிநாடு போகிறார். தன் துப்பாக்கியைக் கோமதிக்குத் தர விரும்பி, ஒரு மாதம் பழகிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருந்தார். சனிக்கிழமை பதில் சொல்லவேண்டும். இல்லையென்றால் வேறொருவர் காத்திருக்கிறார்.

டாக்டரின் கைக்குச் செதுக்கிய பிடியைக் கழற்றிவிட்டுச் செந்தில் கோமதிக்கென்று வேங்கை மரத்தில் ஒரு புதுப் பிடி செய்வித்திருந்தார். கல்யாண நாள் பரிசு. வழவழவென்று, எண்ணெய் தேய்த்து, அழகாக இருந்தது.

“போன ஞாயிறு இதை வெச்சு சுட்டுப் பாத்தாங்க. எல்லாமே எடப்பக்கம் போகுது. நீங்க பாத்துச் சொல்லுங்கொ,” என்றார்.

சிறிய கையுள்ள புதியவருக்கு நான் பார்ப்பவை ஐந்து. ஆள்காட்டி விரலின் முதல் கணுவில் உள்ள சதை விசையின் நடுவில் படவேண்டும். விரல் எட்டுவதற்காக மணிக்கட்டு திரும்பக்கூடாது. துப்பாக்கியின் மூக்குப் பக்கம் கனம் இழுக்கக்கூடாது. காற்று ஏற்ற இன்னொருவர் உதவி தேவைப்படக்கூடாது. ஐந்தாவது, எடுத்தவுடன் அந்த முகம் எப்படி இருக்கிறது என்பது.

கோமதி பிடித்தார். விரல் நுனி, நகத்தின் ஓரம்தான், விசையைத் தொட்டது. அப்படித் தொட்டால் விசையைப் பின்னால் இழுக்க முடியாது, பக்கவாட்டில் தள்ளத்தான் முடியும். குண்டு இடப்பக்கம் போகாமல் என்ன செய்யும்? விசையை ஏற்கெனவே கடைசித் திருகுவரை பின்னால் தள்ளிவைத்திருந்தார்கள். அதற்குமேல் இடமில்லை.

வேலைப் பழக்கத்தில் சொல்லிவிட்டேன். “தேறாது. இவர் கைக்கு இது பெரிது.”

“ஆமாங்க அக்கா,” என்றார் கோமதி உடனே. “நானும் அதேதான் நெனச்சேன். எனக்கு இந்தத் துப்பாக்கியே ஒத்துவராதுங்க. விட்டரலாம்.”

செந்தில் துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். “சரிங்க. சனிக்கெழமை டாக்டர்ட்டத் திருப்பிக் குடுத்தர்றேன்,” என்றார்.

அன்று எனக்கு ஏதோ உறுத்தியது. சட்டைகளைத் தேறாது என்று ஒதுக்கும்போது எந்த ஆலையும் சண்டை போடும். வாதாடாமல் ஒருவர் ஒப்புக்கொண்டால் அங்கே வேறு ஏதோ மறைத்துவைக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பாடத்தைப் பல ஊர்களில் படித்திருக்கிறேன். கோமதி மிகவும் சீக்கிரம் ஒப்புக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை என் பெட்டி வந்தது. சுடிதாரைத் துவைத்துத் திருப்பிக் கொடுக்கப் போனேன். மொட்டைமாடியில் கோமதி மட்டும் இருந்தார்.

“துப்பாக்கி வேண்டாமா, சுடுவதே வேண்டாமா?” என்று கேட்டேன்.

அவர் சுடிதாரைக் கொடியில் போட்டு நீவிக்கொண்டே இருந்தார். “அவுங்க மூணு ஞாயித்துக்கெழமை காங்கேயம் போய்ப் பக்கத்துல உக்காந்து அந்தப் பிடியச் செய்ய வெச்சிருக்காங்கக்கா. எனக்குத் தெரியாம. கொண்டாந்து கையில குடுத்தப்ப அவுங்க மொகத்தப் பாக்கோணுமே நீங்க. இது பெருசுன்னு எப்பிடிங்க சொல்றது? எனக்கு வரலைன்னு சொல்லிட்டாப் போச்சு.”

“துப்பாக்கி சுடுவது பிடிக்குமா உங்களுக்கு?”

“அங்க போய் நின்னா, அந்த ஒரு நிமிசம், எனக்குள்ள சத்தமே இருக்காதுங்க.” திரும்பிப் பார்த்தார். “அவுங்ககிட்டச் சொல்லீராதீங்க.”

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கேள்வி கேட்கமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கவில்லை. இவ்வளவு அக்கறையாகச் செய்த பொருள் அளவில் எப்படித் தவறியது? அதுதான் என் தொழில். மதியம் செந்திலிடம் போய், பிடிக்கு எங்கே அளவு எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

“பேட்டர்ன் மாஸ்டர்ட்ட இருக்குதுங்க,” என்று கூடவே வந்தார்.

பேட்டர்ன் அறை என்பது சட்டைகளின் வெட்டு வடிவங்களை அட்டையில் வரைந்து வெட்டிவைக்கும் இடம். முதுகு, முன்புறம், கை, காலர் என்று நூற்றுக்கணக்கான அட்டைகள் கம்பியில் தொங்கும். அந்த அறையின் மாஸ்டர் ஐம்பது வயதுக்காரர், காதில் எப்போதும் பென்சில் இருக்கும். சுவரோரம் போய் ஒரு ஆணியிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் கொடுத்தார். ஐந்து விரலோடு ஒரு வலது கை. மேலே எழுதியிருந்தது: ‘கோமதி – ரைட் – 1 பீஸ்’.

“செந்தில் தம்பி பிரவுன் பேப்பர்ல தையல் சாக்கால வரைஞ்சு கொண்டாந்தாருங்க. கோடு கோணலும் மாணலுமா. நான்தான் நீட்டாப் போட்டு அட்டையில வெட்டிக் குடுத்தேன்,” என்றார் மாஸ்டர் பெருமையாக.

கோமதியை வரச்சொல்லி ஆள் அனுப்பினேன். அவர் வந்து அட்டையின் மேல் கையை வைத்தார். கையைச் சுற்றி எல்லாப் பக்கமும் சீராக அட்டை தெரிந்தது, தட்டில் வைத்த தோசையைச் சுற்றித் தட்டு தெரிவதுபோல.

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்டேன். “மாஸ்டர், இதில் தையலுக்கு எவ்வளவு விட்டீர்கள்?”

“சுத்தி கால் இஞ்சுங்க,” என்றார் யோசிக்காமல். “அப்பறம் தண்ணியில போட்டாச் சுருங்குமில்லீங்களா, அதுக்கு அஞ்சு பர்சன்ட்.”

ஜெனரேட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மாஸ்டர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். காதிலிருந்த பென்சிலை எடுத்தார். திரும்பச் செருகினார்.

“கைதான, சுருங்காதில்ல,” என்றார் மெதுவாக. “முப்பது வருசமா அலவன்ஸ் விடாம ஒரு அட்டை இந்த மேசைய விட்டுப் போனதில்லீங்க.”

முதலில் சிரித்தது செந்தில். மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “நானும் அட்டைய வாங்கிட்டுப் போறேன், எனக்கும் தோணலியே,” என்றார். சிரிப்பு பாதியில் நின்றது. கோமதியைப் பார்த்தார். “ஏம்புள்ள, பெருசா இருக்குன்னு உனக்கு மொத நாளே தெரியுமா?”

கோமதி அட்டையிலிருந்து கையை எடுக்கவில்லை. “தெரியுமுங்க.”

“சொல்றதுக்கு என்ன?”

“எங் கையச் சுத்தி நீங்க சாக்கால வரைஞ்சீங்களே அன்னிக்கு மத்தியானம். நான் தூங்கலீங்க.” அவர் குரல் ஜெனரேட்டருக்குக் கீழே போயிற்று. நான் பக்கத்தில் நின்றதால் கேட்டது. “கூச்சமா இருந்துச்சு. அசைஞ்சா நிறுத்திருவீங்களேன்னு அப்பிடியே படுத்திருந்தேன். அத்தன ஆசையா வரைஞ்சதப் போய்த் தப்புன்னு எப்பிடிச் சொல்லுவேன்?”

மாஸ்டர் திடீரென்று எங்கோ ஒரு காலர் அட்டையைத் தேட வேண்டியவரானார். நானும் கூடத் தேடினேன்.

வெள்ளிக்கிழமை மூவரும் காங்கேயம் போனோம். கார் வேறு வேலைக்குப் போய்விட்டதால் துணிச்சுருள் ஏற்றும் டெம்போ. முன்னால் ஓட்டுநரோடு மூன்று பேர் உட்கார முடியாது, உட்கார்ந்தோம். பாதி வழியில் முன்சக்கரம் பஞ்சராயிற்று. மாற்றுச் சக்கரமும் பஞ்சர். ஓட்டுநர் இதை எங்களிடம் சொன்ன விதத்தில் ஒரு மரியாதை இருந்தது: “ரெண்டுமே போயிருச்சுங்க,” ஏதோ பெரியவர்கள் இருவர் காலமானதுபோல. அவர் சக்கரத்தை உருட்டிக்கொண்டு போய் ஒட்டி வரும்வரை ஒரு புளியமரத்தடியில் நின்றோம். முள்வேலிக்கு அப்பால் திமில் உயர்ந்த ஒரு காளை எங்களைப் பார்த்தபடி அசைபோட்டது. சிங்கப்பூரில் ரயில் ஐந்து நிமிடம் தாமதித்தால் அறிவிப்பில் மன்னிப்புக் கேட்பார்கள். இங்கே பக்கத்துத் தோட்டத்துக்காரர் எங்களைக் கேட்காமலே மூன்று இளநீர் வெட்டினார்.

காங்கேயத்தில் தெருவெல்லாம் காய்ந்த கொப்பரை வாசனை. பிடியைச் செய்த பட்டறை எண்ணெய் ஆலைகளுக்கும் வீடுகளுக்கும் மரவேலை செய்கிற இடம். ஆசாரிக்குச் செந்திலின் வயதுதான். கோமதியின் கையைப் பார்த்ததும், “இந்தக் கைக்கா அந்த அட்டையக் குடுத்தீங்க?” என்றார். “நாங்கூட ஆரோ போலீஸ்கார அம்மான்னு நெனச்சுட்டேனுங்க.”

மின்சாரம் இல்லாததால் தேய்க்கும் இயந்திரம் ஓடவில்லை. அரத்தால்தான் ராவவேண்டும். நல்லதாகப் போயிற்று. இயந்திரம் ஒரு நொடியில் தின்றுவிடும் மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. ராவும்போது நிறுத்தலாம்.

எந்த இடத்தில் ராவுவது? செந்திலின் சட்டைப்பையில் நீலத் தையல் சாக் ஒன்று எப்போதும் இருக்கும். அதைப் பொடித்துக் கோமதியின் உள்ளங்கையில் பூசினோம். அவர் பிடியை இறுக்கிப் பிடித்து விடுவார். நீலம் அழுத்தமாகப் படிந்த இடம்தான் இடிக்கும் இடம். அங்கே நான்கு இழுப்பு. மறுபடி சாக், மறுபடி பிடி, மறுபடி நான்கு இழுப்பு. முதல் பத்து முறை கோமதி, “செரியா இருக்குதுங்க,” என்றே சொன்னார். நீலம் வேறு சொன்னது.

பதினொன்றாவது முறை செந்தில் அரத்தைத் தடுத்து நிறுத்தினார். “சாக்கப் பாக்க வேண்டாம். நீ சொல்லு. எங்க இடிக்குது?”

கோமதி வெகுநேரம் பிடித்துப் பார்த்தார். “கட்டவெரலு முட்டிக்குக் கீழ,” என்றார். “கொஞ்சமாங்க. இல்ல, கொஞ்சமில்ல. நெறையவே இடிக்குது.”

ஆசாரி சிரித்துவிட்டு அங்கே ராவினார்.

மூன்று மணிக்கு ஆள்காட்டி விரலின் சதை விசையின் நடுவில் வந்து உட்கார்ந்தது. மூன்றரைக்கு ஒரு மெஸ்ஸில் அரிசிம்பருப்புச் சோறு சாப்பிட்டோம், மேலே நெய். பிடியின் வழவழப்பு போய்விட்டது. அரத்தின் கோடுகளும் நீலத் திட்டுகளுமாக, பரிசுப் பொருள் போலவே இல்லை. மெஸ்ஸிலும் கோமதி அதை மடியில் வைத்திருந்தார். பிடியை மட்டும்தான். துப்பாக்கி பூட்டிய பெட்டியில் இருக்கவேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. பெட்டி என்னுடையது, சென்னையில் தங்கி வந்தது.

சனிக்கிழமை கோவை கிளப். பத்து மீட்டர், ஒற்றைக் கை, சத்தம் தட்டச்சுப் பொறியைவிடக் கொஞ்சம் அதிகம். டாக்டர் நாற்காலியில் அமர்ந்து காத்திருந்தார். உயரமானவர், கை முறம்போல. அந்தப் பிடியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார், கேட்கவில்லை.

இருபது குண்டுகள். முதல் ஐந்து அட்டை முழுக்க அலைந்தன. ஆறாவதிலிருந்து கருப்பு வட்டத்துக்குள் வந்தன. எல்லாம் நடுவில் இல்லை. மேலே ஒன்று, கீழே இரண்டு, வலப்பக்கம் கூட ஒன்று. ஆனால் இடப்பக்கச் சாய்வு இல்லை. கடைசி ஐந்தை ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய இடத்துக்குள் போட்டார். நான் அவருடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவது பரிசோதனை அது. ஒவ்வொரு குண்டுக்கும் முன்னால் அந்த முகம் மாடித் தொட்டித் தண்ணீர்போல நின்றது.

“என்னம்மா, வெச்சுக்கறீங்களா? இல்ல, காத்திருக்கறவருக்குச் சொல்லிறட்டுமா?” என்றார் டாக்டர்.

செந்தில் கோமதியைப் பார்த்தார்.

கோமதி துப்பாக்கியைத் திறந்து மேசையில் வைத்துவிட்டுத் தன் கையைப் பார்த்தார். “வெச்சுக்கறனுங்க,” என்றார் டாக்டரிடம். பிறகு செந்திலிடம் திரும்பினார். “ஏனுங்க, சுண்டுவெரலுகிட்ட இன்னும் இடிக்குது.”

செந்தில் தலையாட்டினார். அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே நீங்கள்.

இதை எழுதும்போது நிலைமை இதுதான். சட்டைகள் புதுக் காலரோடு கப்பலேறிவிட்டன. துப்பாக்கி கோமதியுடையது, பூட்டுள்ள பெட்டியில் இருக்கிறது. அடுத்த மாதம் நடக்கும் தன் முதல் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறார். பிடியில் சுண்டுவிரல் பக்கம் சரியாகிவிட்டது, உள்ளங்கைப் பக்கம் இன்னும் அரை மில்லிமீட்டர் போகவேண்டும் என்று நேற்றைய மின்னஞ்சலில் கோமதி எழுதியிருக்கிறார். செந்திலிடம் சொல்லியாயிற்று.